கைமாறிய உடைமைகள் – 9: மைஎஸ்க்யூஎல்லும் மாரிக்குப்பமும்

நிறுவனம் ஒன்று கைமாறும்போது எவை புதிய உடைமையாளரிடம் போகின்றன, எவை பழைய இடத்திலேயே நிற்கின்றன என்ற கேள்விக்குக் கோலார் தங்கவயலின் வரலாறு தரும் விடையில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே கால்வைத்தது முதல் முக்கால் நூற்றாண்டுக் காலம் லண்டன் கம்பெனிகளின் பெயரில் தோண்டப்பட்டுவந்த சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க் சுரங்கங்கள் 1956 நவம்பரில் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962 டிசம்பரில் மத்திய அரசுக்கு மாறின. 1972 ஏப்ரலில் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் வந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட்டுகளும், அவற்றுக்குள் ஆளையும் பாறையையும் ஏற்றி இறக்கிய எந்திரங்களும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்த்த அமைப்புகளும், மருத்துவமனையும், தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளும் மேலிடத்துக் கையெழுத்துகளில் அடுத்தவர் வசமாயின. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கிய குடும்பங்களிடம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறை எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு இருந்தது. அந்த அறிவைப் பயன்படுத்துவதற்கான வாசல் மட்டும் எக்காலத்திலும் அவர்களுடையதாக இருக்கவில்லை.

இந்தப் பகுதி எடுத்துக்கொள்ளும் கைமாற்றம் சுரங்கத்தைப் பற்றியதன்று. உலகின் எண்ணற்ற இணையத்தளங்களுக்கு அடித்தளமாக நின்ற மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள், இரண்டே ஆண்டுகளில் இரண்டு முறை விற்கப்பட்டு, 2010 ஜனவரியில் அதற்கு நேரடிப் போட்டியாளர் என்று கருதப்பட்ட ஆரக்கிள் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. கைமாறிய பொருளை அதன் பயனாளர்களே படியெடுத்துக்கொண்டு தனியே நடத்தலாம் என்ற நிலை அங்கே இருந்தது. தங்கவயலில் அந்த நிலை இல்லை. இந்த ஒரு வேறுபாடு எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பதை ஆராய, ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தங்கவயலைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் வேறில்லை.

தரவுத்தளம் என்பது அடிப்படையில் ஒரு பதிவேடுதான். பெயர், ஊர், வேலை, கூலி என்று கட்டம் போட்டு எழுதி, கேட்டவுடன் கேட்ட வரியை எடுத்துத் தரும் ஏற்பாடு அது. அப்படிப்பட்ட பதிவேட்டின் வலிமையைத் தங்கவயல் தொழிலாளர்கள் கணினிக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். தொழிலாளர்களைக் கைரேகையுடன் பதிவுசெய்யும் புதிய முறையை நிர்வாகம் கொண்டுவந்தபோது, ஒரு சுரங்கத்தில் வேண்டாமென்று தள்ளப்பட்டவருக்கு எந்தச் சுரங்கத்திலும் வேலை கிடைக்காமல் போகும் என்பதைப் புரிந்துகொண்டு, 1930இல் ஒட்டுமொத்தமாக வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிவேட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்பது பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதற்குச் சற்றும் குறையாத கேள்வி. கணினியில் இந்தப் பதிவேடுகளை எழுதவும் தேடவும் ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் கைவைத்தாலும் குழம்பாமல் காக்கவும் உதவும் மென்பொருளே தரவுத்தள மென்பொருள். 1990களின் நடுவில் இதன் முன்னணி வகைகள் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களே வாங்கக்கூடிய விலையில் இருந்தன. அந்தச் சந்தையின் முன்வரிசையில் நின்றது கலிஃபோர்னியாவின் ஆரக்கிள்.

மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்கள் ஃபின்லாந்தின் மைக்கேல் விடேனியுஸும் ஸ்வீடனின் டேவிட் ஆக்ஸ்மார்க், ஆலன் லார்சன் ஆகியோரும் ஆவர். ‘மாண்ட்டி’ என்று அழைக்கப்படும் விடேனியுஸ், தம் மூத்த மகள் மியின் பெயரைத் தரவுத்தளத்தின் வினவல் மொழியான எஸ்க்யூஎல்லோடு சேர்த்து இப்பெயரை அமைத்தார். 1995இல் வெளிவரத் தொடங்கிய இந்த மென்பொருள், ஆரக்கிளிடம் இருந்த நுட்பங்களில் பலவற்றை அப்போது கொண்டிருக்கவில்லை. ஆனால் வேகமாக இயங்கியது, எளிதில் நிறுவ முடிந்தது, பெரும்பாலோருக்கு இலவசமாகக் கிடைத்தது. லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி இணைய சர்வர், பிஎச்பி நிரல்மொழி ஆகியவற்றோடு சேர்ந்து, சிறு முதலீட்டில் இணையத்தளம் தொடங்க விரும்பிய எவரும் கைக்கொள்ளும் தொகுப்பாக இது மாறியது. வலைப்பூக்களை நடத்தும் வேர்ட்பிரஸ், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி போன்றவை இதன்மேல் எழுந்தன. ஆகவே 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், அதே காலத்தில் பெருகிய தமிழ் வலைப்பூக்களில் கணிசமானவையும், எழுதியவர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, இந்தப் பதிவேட்டில்தான் எழுதப்பட்டன.

2000ஆம் ஆண்டில் மைஎஸ்க்யூஎல் ஜிபிஎல் என்று சுருக்கமாக வழங்கும் பொது உரிமத்தின்கீழ் வந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த இந்த உரிமத்தின்படி, மென்பொருளின் மூலநிரல் (அதாவது நிரலாளர் எழுதிய, மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம்) எவருக்கும் திறந்திருக்கும்; எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம்; ஆனால் திருத்தியதைப் பிறருக்குத் தருபவர் அதையும் இதே உரிமத்தின்கீழ்த் திறந்தே தர வேண்டும். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பது இதன் உயிர்நிலை. ஒரு பதிப்பு இந்த உரிமத்தோடு வெளிவந்துவிட்டால், பின்னால் வரும் உடைமையாளர் எவராயினும் அந்தப் பதிப்பை மூடிவிட முடியாது.

எனினும் மைஎஸ்க்யூஎல் நிறுவனம் வருவாய் ஈட்டியது இந்தத் திறப்பினால் மட்டும் அன்று. திறப்பின் நிபந்தனையிலிருந்து விலக்குத் தருவதும் அதன் வணிகமாக இருந்தது. ஒரு தொழில் நிறுவனம் தன் மூடிய மென்பொருளுக்குள் மைஎஸ்க்யூஎல்லைப் பொதித்து விற்க விரும்பினால், ஜிபிஎல்லின்படி தன் நிரலையும் திறக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க விரும்பினால் தனியாகப் பணம் கட்டி வணிக உரிமம் வாங்க வேண்டும். இதுவே இரட்டை உரிம முறை. வணிக உரிமத்தை விற்கும் அதிகாரம் நிரல் முழுவதற்கும் பதிப்புரிமை கொண்டவருக்கு மட்டுமே உண்டு என்பதால், வெளியிலிருந்து திருத்தம் எழுதி அனுப்பியவர்களிடமும் அந்த உரிமையை நிறுவனம் எழுதி வாங்கிக்கொண்டது. பொதுச் சொத்து என்று வெளியில் பேசப்பட்ட ஒன்றின் பட்டா ஒரே பெயரில் சேர்ந்துகொண்டிருந்ததை அப்போது பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. பிற்காலச் சிக்கல் அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் எச்சரிக்கை 2005 அக்டோபரில் வந்தது. மைஎஸ்க்யூஎல்லின் அமைப்பில், பதிவுகளை வட்டில் எழுதிப் பாதுகாக்கும் பகுதி ‘சேமிப்பு இயந்திரம்’ என்ற தனி உறுப்பாக இருந்தது. அதில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தேவைக்கேற்ப மாற்றிப் பொருத்தலாம். பணப் பரிமாற்றம் போன்ற, பாதியில் அறுந்தால் இழப்பு நேரும் வேலைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது இன்னோடிபி என்னும் இயந்திரம். அதை எழுதியவர் ஹெய்க்கி தூரி. அவருடைய சிறிய ஃபின்லாந்து நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிவிட்டது. போட்டியாளரின் வண்டியில் ஓர் அச்சு தன் கையில் இருக்கும்படி ஆரக்கிள் பார்த்துக்கொண்டது என்று அன்றே பேசப்பட்டது.

2008 ஜனவரி 16 அன்று மைஎஸ்க்யூஎல் நிறுவனத்தைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அறிவித்தபோது, திறந்தமூல வட்டாரத்தில் மகிழ்ச்சியே மேலோங்கியிருந்தது. சன் தன் சோலாரிஸ் இயங்குதளத்தையும் ஜாவாவையும் திறந்துவிட்டிருந்த நிறுவனம். ஓப்பன் ஆஃபிஸ் என்னும் அலுவலக மென்பொருளையும் அதுவே பேணிவந்தது. ஆனால் அந்த ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் அதன் வணிகம் சரிந்தது. 2009 ஏப்ரல் 20 அன்று ஆரக்கிள் சுமார் 740 கோடி டாலருக்கு சன் நிறுவனத்தையே வாங்குவதாக அறிவித்தது. மைஎஸ்க்யூஎல் அந்த விலையில் சிறு பங்குதான். ஜாவாவும் சர்வர் வணிகமுமே பேரத்தின் நடுப்பொருள்கள். உலகம் பயன்படுத்தும் பொருள் ஒன்று பெரிய மூட்டைக்குள் சிறிய முடிச்சாகக் கைமாறுவது கைமாற்றங்களின் வரலாற்றில் புதிதன்று.

அமெரிக்க நீதித் துறை அந்த ஆகஸ்டிலேயே இசைவு தந்துவிட்டது. ஐரோப்பிய ஆணையம் உடனே இசையவில்லை. நெய்லி க்ரூஸ் போட்டித்துறை ஆணையராக இருந்த அக்காலத்தில், செப்டம்பரில் தொடங்கிய ஆழ்ந்த விசாரணை நவம்பரில் முறையான ஆட்சேப அறிக்கையாக முற்றியது. விலைமிக்க மூடிய தரவுத்தளத்தை விற்பவர் அதற்கு மாற்றாக வளர்ந்துவரும் திறந்த தரவுத்தளத்தை வாங்கினால், அதை வளர்ப்பாரா வாடவிடுவாரா என்பதே ஆணையத்தின் ஐயம்.

இந்த விசாரணையில் எதிரெதிரே நின்றவர்களின் பெயர்களே இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. ஜிபிஎல்லை வகுத்த ஸ்டால்மன், 2009 அக்டோபரில் வேறு இரு பொதுநல அமைப்புகளோடு சேர்ந்து, இந்த விற்பனையை அனுமதிக்கக்கூடாது என்று ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். அதே ஜிபிஎல்லின் சட்டக் காவலராகப் பல்லாண்டுகள் அவரோடு பணியாற்றிய கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன், டிசம்பரில் ஆரக்கிளுக்குச் சாதகமான கருத்துரையை அளித்தார். மோக்லனின் வாதம் உரிமத்தின் வலிமையை நம்பியது: வாங்குபவரின் மனம் எப்படியிருந்தாலும், ஜிபிஎல் நிரலை எவரும் எடுத்து வளர்க்கலாம், ஆகவே உடைமையாளரால் அதைக் கொல்ல முடியாது, இத்தகைய நெருக்கடிக்காகவே அந்த உரிமம் வகுக்கப்பட்டது. ஸ்டால்மன் தரப்பின் வாதம் உரிமத்தின் எல்லையைச் சுட்டியது: நிரலை எடுக்கலாம், உண்மைதான், ஆனால் வணிக உரிமம் விற்று அந்தப் பணத்தில் நிரலாளர்களுக்குச் சம்பளம் தந்த வழியைப் பிரிந்து செல்லும் கிளையால் எடுத்துக்கொள்ள முடியாது, ஏனெனில் பதிப்புரிமை வாங்கியவரிடமே தங்கிவிடும்.

பிற்கால நிகழ்ச்சிகளை வைத்துப் பார்த்தால் இருவருமே ஓரளவு சரியாகவும் ஓரளவு பிழையாகவும் கணித்தார்கள் என்று சொல்ல நேர்கிறது. எனினும் மோக்லன் எழுப்பாத கேள்வியை ஸ்டால்மன் எழுப்பினார் என்பதையும் மறுப்பதற்கில்லை. விடேனியுஸின் நிலை இவ்விருவரையும்விடச் சங்கடமானது. சன் நிறுவனத்துக்கு விற்றபோது ஆதாயம் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். 2009 தொடக்கத்தில் அங்கிருந்து விலகியபின், டிசம்பரில் மைஎஸ்க்யூஎல்லைக் காப்பாற்றக் கோரிப் பெரும் கையெழுத்து இயக்கம் நடத்தினார். விற்ற நிலத்துக்கு விற்றவரே வேலி கேட்கிறார் என்று எதிர்ப்பாளர்கள் இகழ்ந்தார்கள். அவர் விற்றது நிறுவனத்தை. அவர் கேட்டது நிரலுக்கான பாதுகாப்பு. இரண்டும் வேறு என்பதை அவர் விற்ற நாளிலேயே எழுதி வைத்திருக்கலாம் என்ற குறை மட்டும் நிற்கிறது.

டிசம்பர் 14 அன்று ஆரக்கிள் 10 வாக்குறுதிகளை வெளியிட்டது. சேமிப்பு இயந்திரங்களைப் பொருத்தும் இணைப்பு முறையைத் தொடர்ந்து பேணுவது, பிறர் எழுதும் இயந்திரங்களை ஜிபிஎல்லுக்குள் வரும்படி வற்புறுத்தாதிருப்பது, எதிர்காலப் பதிப்புகளையும் ஜிபிஎல்லின்கீழ் வெளியிடுவது, சன் கடைசியாகச் செலவிட்ட 2 கோடியே 40 லட்சம் டாலரைவிட அதிகமாக அடுத்த 3 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. வாக்குறுதிகளின் மொத்த ஆயுள் 5 ஆண்டுகள். 2010 ஜனவரி 21 அன்று ஆணையம் இசைவு தந்தது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் மற்றொரு திறந்த தரவுத்தளமும், மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரியத்தக்க கிளைகளும் போட்டியைக் காக்கும் என்று அது தன் முடிவில் குறிப்பிட்டது. சில நாட்களில் கைமாற்றம் நிறைவேறியது.

மூல மென்பொருளின் நிரலைப் படியெடுத்து, வேறு பெயரில், வேறு குழு தனியே வளர்ப்பதையே இத்துறையில் கிளை பிரிதல் என்கிறார்கள். விடேனியுஸ் அதைத்தான் செய்தார். தம் இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கினார். மைஎஸ்க்யூஎல்லின் பழைய நிரலாளர்கள் பலர் அவரோடு சேர்ந்தார்கள். முதல் நிலையான பதிப்பு 2010 பிப்ரவரியில், அதாவது ஆரக்கிள் உடைமையேற்ற அடுத்த மாதமே வெளிவந்தது. பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தால் மேலே ஓடும் மென்பொருளுக்கு வேறுபாடே தெரியாது என்ற அளவுக்கு அது தொடக்கத்தில் ஒத்திருந்தது. இதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வழக்கு தொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் தங்கவயலின் பின்கதையை நினைவில் கொள்ள வேண்டும். பாறையில் தங்கத்தின் விகிதம் குறைந்து, செலவு ஏறி, நிறுவனம் நலிந்த தொழில்களுக்கான வாரியத்தின் முன் நின்று, இறுதியில் மூடல் ஆணை வந்தபோது, சுரங்கத்தைத் தாங்களே ஏற்று நடத்துகிறோம் என்று தொழிலாளர் அமைப்புகள் முன்வந்தன. அது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. எந்தத் தளத்தில் பாறை அழுத்தம் மிகுந்து வெடிக்கும், எந்தப் பாதையில் காற்று குறையும், எந்த இடத்தில் ஊற்று மிகும் என்பதை அறிந்தவர்கள் அவர்களே. ஆனால் சுரங்கம் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் படி கிடையாது. அதை நடத்த வேண்டுமானால் அதே ஷாஃப்ட்டின் திறவுகோல் வேண்டும், அதற்கு உடைமையாளரின் இசைவு வேண்டும், இசைவு வராதபோது நீதிமன்றம் வேண்டும். கர்நாடக உயர்நீதிமன்றம் தொடங்கி உச்சநீதிமன்றம் வரை வழக்குகள் நடந்துகொண்டிருக்க, கீழே நீரிறைக்கும் பம்புகள் நின்றுவிட்டதால் தளங்கள் ஒவ்வொன்றாக நீரில் மூழ்கின. ஆள் இருந்தும் உரிமை இல்லாத நிலை அது.

தங்கவயலிலிருந்து படியெடுத்துக்கொண்டு வெளியேற முடிந்தது ஒன்று உண்டு. 1965இல் சாம்பியன் ரீஃபின் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் டர்ஹம், ஒசாகா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய சோதனையில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடம் முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்ட நிகழ்ச்சிகளில் ஒன்று நடந்தது. அந்த முடிவுகள் ஆய்விதழ்களில் வெளியாகி உலகத்தின் பொதுச் சொத்தாயின. சோதனைக் கருவி இருந்த தளம் எட்டமுடியாததான பிறகும் அவற்றுக்கு ஒரு குறையும் நேரவில்லை.

ஆரக்கிளின் கையில் மைஎஸ்க்யூஎல் வாடிவிடும் என்ற அச்சம் முதல் பத்தாண்டில் மெய்ப்படவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2010 டிசம்பரில் 5.5, 2013இல் 5.6, 2015இல் 5.7, 2018இல் 8.0 என்று வரிசையாக வந்த பதிப்புகள் வேகத்திலும் நம்பகத்திலும் முந்தையவற்றை விஞ்சின. மைஎஸ்க்யூஎல்லும் இன்னோடிபியும் ஒரே கூரையின்கீழ் வந்ததுகூட ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது. வாக்குறுதியின் 5 ஆண்டுகள் முடிந்த மறுநாளே கதவு சாத்தப்படும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

உராய்வுகள் வேறு இடங்களில் தோன்றின. 2012இல், திருத்தப்பட்ட பிழைகளைச் சரிபார்க்கும் சோதனை நிரல்கள் சில வெளியீட்டில் சேர்க்கப்படாமல் நின்றன. மூலநிரல் திறந்திருக்கிறது, உரிமம் மீறப்படவில்லை. ஆனால் ஒரு திருத்தம் எதற்காக வந்தது, அது சரியாக வேலை செய்கிறதா என்று வெளியாள் சோதித்துப் பார்க்கும் கருவி கையில் இல்லை. உரிமத்தின் எழுத்துக்குள் நின்றபடியே கதவின் அகலத்தைக் குறைக்கலாம் என்பதற்கு இது தக்க சான்று. இத்தகைய சிறுசிறு மாற்றங்களின் கூட்டு விளைவாக, லினக்ஸ் வெளியீடுகள் மரியாடிபியின் பக்கம் சாய்ந்தன: 2013இல் ஓப்பன் சூசேயும் ஃபெடோராவும், 2014இல் ரெட் ஹாட்டின் நிறுவனப் பதிப்பும், 2017இல் டெபியனும் மரியாடிபியை இயல்பிருப்பாக்கின. 2013இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவும் மாறியது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் அனைத்தும் ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயின. எழுதுபவரோ படிப்பவரோ எதையும் உணரவில்லை.

சன் நிறுவனத்தோடு கைமாறிய மற்றப் பொருள்களின் கதியைப் பார்த்தால் மைஎஸ்க்யூஎல்லின் நிலை மேலானது என்றே படும். ஓப்பன் சோலாரிஸ் 2010இலேயே கைவிடப்பட்டது. ஓப்பன் ஆஃபிஸின் தன்னார்வலர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் லிப்ரே ஆஃபிஸ் என்ற கிளையோடு வெளியேறினார்கள்; ஆரக்கிள் அடுத்த ஆண்டு பழையதை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இது தமிழ்நாட்டுக்கு அயலான செய்தியன்று. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் மாறியிருந்தது. அன்று அதைப் பழகிய அலுவலர் ஒருவர் பின்னர் லிப்ரே ஆஃபிஸைத் திறந்திருந்தால், தம் பழைய கோப்புகள் அப்படியே திறப்பதைக் கண்டிருப்பார்.

வணிக நிறுவனங்களின் கணக்கு வேறு. ஜோஹோ குழுமத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு விற்கும் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் என்னும் அலுவலக உதவி மென்பொருள் தொடக்கத்தில் மைஎஸ்க்யூஎல்லைத் தன்னுடன் பொதித்து வந்தது. பிற்காலப் பதிப்புகளில் அதன் இடத்தில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் வந்தது. தன் பொருளுக்குள் ஒரு தரவுத்தளத்தைப் பொதித்து விற்கும் எந்த நிறுவனத்துக்கும் இரட்டை உரிமம் ஒரு நிரந்தரக் கேள்வி. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அக்கேள்வியே எழுவதில்லை. பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்ப்பது தவிர வேறு பெரிய நிபந்தனை இன்றிப் பொதித்துக்கொள்ள அதன் உரிமம் இடம் தருகிறது, அதன் பதிப்புரிமை ஒரே நிறுவனத்திடம் குவிந்திருக்கவும் இல்லை. விலைக்கு வாங்க ஓர் உடைமையாளரே இல்லாத பொருளை எவரும் கையகப்படுத்த முடியாது. மத்திய அரசு 2015 மார்ச்சில் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள் கொள்கை, அரசுத் துறைகள் திறந்தமூலத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சொன்னது. ஆனால் ஒரே நிறுவனத்தின் பதிப்புரிமையில் உள்ள திறந்தமூலம், பலர் கூடி நடத்தும் திறந்தமூலம் என்ற வேறுபாடு அரசுக் கொள்முதல் பேச்சுகளில் இன்றும் போதிய கவனம் பெறுவதில்லை.

கிளையும் கைமாற்றத்துக்கு விலக்கன்று என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. மரியாடிபியின் நிரலைப் பேண 2012இல் ஓர் அறக்கட்டளை அறிவிக்கப்பட்டது. அதன் வணிகத்தை நடத்த வேறொரு நிறுவனம் இருந்தது. அந்நிறுவனம் 2022 டிசம்பரில் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்து, விரைவிலேயே பங்கு விலை அடியோடு சரிந்து, 2024இல் கே1 என்னும் முதலீட்டு நிறுவனத்திடம் போனது. ஆரக்கிளிடமிருந்து தப்பியோடிய கிளை வேறொரு முதலாளியின் கையில் விழுந்ததைக் கேலிசெய்தவர்கள் உண்டு. ஆனால் அறக்கட்டளை தனியே நின்றது, நிரல் வெளிவந்துகொண்டிருந்தது. 1995இல் இருந்த ஏற்பாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த அறக்கட்டளைதான்.

மைஎஸ்க்யூஎல்லின் அண்மை நிலை ஒரு சிறு செயற்கூற்றில் துலங்குகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு சொற்றொடரின் பொருளை நீண்ட எண்வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. அந்த எண்வரிசைக்கு வெக்டர் என்று பெயர். இரண்டு சொற்றொடர்கள் பொருளால் நெருங்கியவையா என்று அறிய, இரண்டு வெக்டர்களுக்கு இடையே உள்ள தொலைவை அளக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த மைஎஸ்க்யூஎல் 9.0 இலவசப் பதிப்பில் வெக்டரைச் சேமித்து வைக்கும் வசதி வந்தது. தொலைவை அளக்கும் கட்டளையோ ஹீட்வேவ் என்னும் ஆரக்கிளின் கட்டணச் சேவைக்கு ஒதுக்கப்பட்டது. பதிவேட்டில் எழுதலாம், தேட வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும் என்பதே அந்தப் பதிப்பின் நிலையாக இருந்தது. மரியாடிபி அடுத்த ஆண்டுக்குள் சேமிப்பு, தேடல் இரண்டையும் தன் திறந்த பதிப்பிலேயே தந்துவிட்டது. 2025 செப்டம்பரில் ஆரக்கிள் மைஎஸ்க்யூஎல் குழுவில் ஆட்குறைப்பு செய்ததாகச் செய்திகள் வெளிவந்தன. ஸ்டால்மன் தரப்பு 2009இல் எழுப்பிய ஐயம், பதினாறு ஆண்டுகள் தாமதமாக, மீண்டும் மேசைக்கு வந்தது.

உரிமம் நிரலைத்தான் காக்கிறது. அதை நாள்தோறும் பேணும் ஆட்களைக் காப்பதில்லை. தரவுத்தளம் ஒன்றில் பாதுகாப்புப் பிழை தெரியவந்தால், அது எங்கே இருக்கிறது என்று ஊகித்து, வேறெதையும் உடைக்காமல் திருத்த, பல்லாண்டுகள் அதனோடு பழகிய சில பத்துப் பேர் வேண்டும். அவர்கள் கலைந்துபோனால், படியெடுக்கும் உரிமை கோடிப் பேருக்கு இருந்தும் பம்பு நின்ற தளம்போலவே ஆகிவிடும். தங்கவயலில் ஆள் இருந்தது, உரிமை இல்லை. இங்கே உரிமை இருக்கிறது, ஆட்கள் எத்தனை நாள் இருப்பார்கள் என்பது கேள்வி. பெர்கோனா போன்ற சேவை நிறுவனங்களும், தத்தம் பயன்பாட்டுக்காகவே தனிப் பதிப்பை வளர்க்கும் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா போன்ற பெருநிறுவனங்களும் அத்தகைய ஆட்களை இன்று சம்பளம் தந்து வைத்திருக்கின்றன. அவற்றின் தேவை தீரும்போது யார் தருவார்கள் என்பதற்கு எந்த உரிமப் பத்திரத்திலும் விடை எழுதப்படவில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி வெகுதூரத்தில் இல்லை. சுரங்கம் மூடிய பின் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம் நிலையங்களில் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்குப் போகும் ஆயிரக்கணக்கான தங்கவயல்வாசிகளில், சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகளாகப் பிறந்து கணினி அலுவலகங்களில் சர்வர்களையும் தரவுத்தளங்களையும் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் கையாளும் மென்பொருளில் பெரும்பகுதி திறந்தமூலம். அதைப் பயன்படுத்துவதற்குச் சம்பளம் தரும் நிறுவனங்கள் பெங்களூரிலும் சென்னையிலும் ஏராளம். அதன் மூலநிரலைப் பேணுவதற்குச் சம்பளம் தருபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மரியாடிபி என்ற கிளை நிலைத்தது ஃபின்லாந்தில் ஒரு குழுவுக்கு அப்படிச் சம்பளம் தர ஆள் கிடைத்ததனால். அடுத்த கைமாற்றத்தின்போது அக்குழு தென்னிந்தியாவில் அமைவதற்குத் தடையாக உரிமத்தில் ஒரு வரியும் இல்லை.

2018 முதல் மாங்கோடிபி, எலாஸ்டிக், ரெடிஸ் ஆகிய தரவு மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் உரிமத்தைத் தாங்களே இறுக்கிக்கொண்டதும், ரெடிஸின் மாற்றத்துக்கு விடையாக 2024இல் வால்கீ என்னும் கிளை எழுந்ததும் அடுத்த பகுதியில்.

(தொடரும்)